இருபதைத் தொடாத வெள்ளித் தண்ணீர்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் மீட்டரை உள்ளே இறக்குவார் பேட்டரிக்காரர். பேனா அளவில் ஒரு மீட்டர். அதன் மூக்கு ஜாடித் தண்ணீருக்குள் போய், சின்ன ஜன்னலில் எண் முன்னே பின்னே துடித்து, ஓரிடத்தில் நிற்கிற வரைக்கும் மனிதர் சிலைதான். மூச்சுக் காற்று பட்டால்கூடத் தண்ணீர் கெட்டுவிடுமாம். மின்விசிறி ஓடக் கூடாது. தெருவில் லாரி போகக் கூடாது. போனால் லாரிக்காரனின் பரம்பரைக்கே வசவு விழும். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து அவர் மனைவி, "என்னங்க, எவ்வளவு காட்டுது?" என்று குரல் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

"வாயைத் தொறந்தியா? பன்னெண்டுல நின்னது பதினொண்ணுக்கு எறங்கிடுச்சு!"

"அப்ப என் வாய்க்கும் ஒரு மீட்டர் வாங்கி வைங்க. எவ்வளவு பேசலாம்னு நானும் பாத்துப் பேசறேன்."

அவர் சிரிக்கமாட்டார். மீட்டர் கையில் இருக்கும்போது அவருக்குச் சிரிப்பு வராது.

வீட்டின் முன்னறைதான் கடை. கார் பேட்டரி, வீட்டுக்கு மின்சாரம் போனால் ஓடுகிற பேட்டரி, பிரித்துப் போட்ட பேட்டரி என்று சுவரோரம் அடுக்கியிருக்கும். உள்ளே நுழைந்தால் தொண்டையில் புளிக்கும் ஆசிட் வாசனை. ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டையெல்லாம் சல்லடை. ஓட்டை இல்லாத இடத்தில்தான் பொத்தான் இருக்கும். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால் அதையும் ஒரே வாரத்தில் பழசாக்கிவிடுவார். "காத்தோட்டமா இருக்கு" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு. மற்றக் கடைக்காரர்கள் செத்துப்போன பேட்டரியின் தலையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படிக் குறி போட்ட பேட்டரி ஒன்று இவர் கடைக்கு வந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு முதலில் அந்தக் குறியை அழிப்பார். "செத்துடுச்சுன்னு எவன் சொன்னான்?" என்பார். பிறகு மூடிகளைக் கழற்றி, பழைய ஆசிட்டைக் கவிழ்த்து, கழுவி, புதிதாக ஊற்றி, ராத்திரி பகலாக மெல்ல மெல்ல சார்ஜ் ஏற்றுவார். பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும். பிழைக்காததைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

"மாத்திடு, எடுத்துடுன்னு சொல்றவன் மெக்கானிக் இல்ல. வியாபாரி." இது அவர் தினமும் சொல்கிற வாக்கியம். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு நாள் கடைக்குள் வெறுங்காலோடு வந்தவள் கீழே கிடந்த செம்புக் கம்பித் துண்டை மிதித்துவிட்டாள். குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. வீடு முழுக்க நடந்து, கூட்டிப் பெருக்கி, தரையில் சிவப்பாகக் கோடு கோடாக இருப்பதைப் பார்த்து, "யார் இங்க பெயின்ட்டைக் கொட்டினது?" என்று தம்பியைத் திட்டிய பிறகுதான் அது தன் ரத்தம் என்று கண்டுபிடித்தாள். தம்பி பெயின்ட் கடையில் வேலை செய்கிறவன். அதனால் அந்த வீட்டில் எதற்கும் முதல் பழி அவன் மேல்தான் விழும்.

கட்டை விரலில் ஆரம்பித்த புண் ஆறவில்லை. கறுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண் டாக்டர், நிதானமானவர். "இந்த விரலை மட்டும் எடுத்துடலாம். அதோட நின்னுடும்" என்றார்.

எடுத்துடலாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பேட்டரிக்காரர் எழுந்துவிட்டார். மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார். வாசலைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "இருக்கறதைச் சரி பண்ணத் தெரியாதவங்கதான் எடுத்துடு, வெட்டிடும்பாங்க. என் கடைக் கம்பிதானே குத்திச்சு? நானே சரி பண்றேன்."

எப்படிச் சரி பண்ணுவது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் செல்போனுக்குள் இருக்கும் ஒரு தாடிக்காரர். சுத்தமான தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை இறக்கி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத தூளாக வெள்ளி கரைந்து தண்ணீருக்குள் இறங்கும், அந்தத் தண்ணீர் ஆற்றாத புண்ணே கிடையாது என்று தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். இவர் வீட்டில் என்ன இல்லை? பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில் வாட்டர் கேன் கேனாக இருக்கிறது. சார்ஜர் இருக்கிறது. தண்ணீரைச் சோதிக்கிற மீட்டர் இருக்கிறது. இந்த மருந்து தனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிதான் இல்லை. பெட்டியில் மனைவியின் கொலுசு இருந்தது. கால் வீங்கியதிலிருந்து அவள் அதைப் போடுவதில்லை. அதை நகைக்கடைக்காரரிடம் கொடுத்து உருக்கி, சுத்தம் பண்ணி, இரண்டு கம்பிகளாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"என் கால்ல கெடந்ததை எனக்கே கரைச்சு ஊத்தப் போறீங்களா?" என்றாள் அவள்.

"உன் காலுக்குத்தானே?"

"அதுவும் சரிதான். சத்தம் போட்டுக்கிட்டுக் கெடந்தது, இனிமே சும்மா இருக்கும்."

அப்போதிலிருந்து கடை மேசையின் மேல் ஒரு கண்ணாடி ஜாடி உட்கார்ந்துவிட்டது. கம்பிகளின் மேல் கறுப்பாகப் பாசி மாதிரி படியும். துணியால் துடைப்பார், மறுபடி இறக்குவார். தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகள் விளையாடுகிற சிவப்பு லேசர் லைட்டை ஜாடியின் பக்கவாட்டில் அடிப்பார். தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடும். "தெரியுதா? வெறும் தண்ணியா இருந்தா கோடு தெரியாது. உள்ள சரக்கு இருக்கு." பேட்டரி வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் பேட்டரி கிடைக்காது.

கோட்டோடு விடமாட்டார். தம்ளரில் வெறும் டிஸ்டில் வாட்டர் எடுத்து மீட்டரை வைத்துக் காட்டுவார். ஒன்று என்று காட்டும். "பாத்தீங்களா, சுத்தம். ஒண்ணுமே இல்ல." பிறகு அதில் ஒரு உப்புக் கல்லைப் போடுவார். எண் எகிறும். "தண்ணியில எது கரைஞ்சாலும் மீட்டர் காட்டிக் குடுத்துடும். இப்ப ஜாடிக்கு வாங்க. இதுல நான் வெள்ளியைத் தவிர எதையும் போடல. அப்ப ஏறின பன்னெண்டும் வெள்ளிதானே? மனுசன் பொய் சொல்வான், மீட்டர் சொல்லாது."

உள்ளறையில் காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவி இந்தக் கச்சேரியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். உப்புக் கல் வருகிற இடம் அவளுக்கு மனப்பாடம்.

தாடிக்காரர் இருபது என்று சொல்லியிருந்தார். மீட்டர் இருபது காட்டினால்தான் தண்ணீருக்குப் புண்ணை மூடுகிற வீரியம் வருமாம். பேட்டரிக்காரரின் ஜாடி பன்னிரண்டைத் தாண்டவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் மின்சாரம் விட்டால் கறுப்புத்தான் படியுமே தவிர எண் அசையாது. ஜாடியை மாற்றினார். கம்பிகளைக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார். வெயில் நாளில் செய்தார், மழை நாளில் செய்தார். மேசை ஆடுகிறது என்று நான்கு கால்களுக்கும் ரப்பர் வைத்தார். "நீ நடக்கறப்ப தரை அதிருது" என்று மனைவியைச் சொல்லிப் பார்த்தார். "நான் எங்க நடக்கறேன்?" என்று அவள் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டார்.

ஆனாலும் பன்னிரண்டையே விடாமல் கொடுத்துவந்தார். முதல் தம்ளரைத் தான் குடித்துப் பார்ப்பார். தான் குடிக்காததை அவளுக்குக் கொடுக்கமாட்டார். இரண்டாவது தம்ளர் அவளுக்கு. மீதியில் புண்ணைக் கழுவுவார். கழுவும்போது அவர் கை பஞ்சு. குழந்தைக்குக்கூட அப்படிக் கழுவியிருப்பாரா தெரியாது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் தன் தம்ளரை ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். இது அவள் தம்பிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அவர்கள் மூலமாகத் தெருவுக்கே தெரியும். தொட்டியில் இருந்த செடிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்துவிட்டது.

குடித்த தண்ணீர் பேட்டரிக்காரரைச் சும்மா விடவில்லை. முதலில் நகத்தடி நீலம் பாரித்தது. பிறகு காது மடல். பிறகு முகம் முழுக்க, துலக்காத அலுமினியப் பாத்திரத்தின் நிறம். தூரத்தில் வரும்போது மழை வருகிற மாதிரி இருக்கும்.

"மாமா, எங்க கடை ஷேட் கார்டுல ஆயிரம் கலர் இருக்கு. உங்க கலர் மட்டும் இல்ல" என்றான் மச்சினன்.

"மருந்து உடம்புல ஏறுது. அதான்."

"அப்ப அக்காவுக்கு ஏன் ஏறல?"

பேட்டரிக்காரர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "அவளுக்குப் புண் இருக்குல்ல. நேரா அங்க போய் வேலை செய்யுது. எனக்குப் புண் இல்ல, போக இடம் இல்லாம மூஞ்சிக்கு வருது."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தொட்டியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும் பாடு. சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கொஞ்ச நேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் வந்த கண்ணீர் அவ்வளவு நேரம் நிற்காமல் வராது.

கணவனும் மனைவியும் ஒரு நாள் இதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"பேட்டரிக்குள்ள ஒரு செல் செத்தா பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கிட்டுப் போயிடும், சீக்கிரம் கொண்டு வாங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றீங்களே. என் விரல் என்ன பண்ணும்?"

"அது பேட்டரி."

"இது?"

அவர் புண்ணின் மேல் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டபின் சொன்னார்: "இருபது வரட்டும். இருபது வந்தும் ஆறலைன்னா நானே கூட்டிட்டுப் போறேன். வெட்டச் சொல்றேன். சத்தியம்."

"இருபது வராட்டி?"

"வரும்."

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். வேலை முடிந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்து, கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து கட்டிவிட்டுப் போவாள். வாசலில் நுழையும்போதே மூக்கைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். ஆசிட் வாசனையை மீறி இன்னொரு வாசனை வருகிறதா என்று. ஒரு நாள் வந்தது. கட்டைப் பிரித்தவள் புதுத் துணியை எடுக்காமல் பாதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லும்மா" என்றாள் பேட்டரிக்காரரின் மனைவி.

"கறுப்பு பாதத்துக்கு வந்துடுச்சுக்கா. விரல்னு சொன்ன டாக்டர் இனிமே விரல்னு சொல்லமாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணனை விடுங்க. நாளைக்கு நானும் உங்க தம்பியும் வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறோம். வாங்க."

"அவர் இல்லாமயா?"

"உசிரு பெருசா, அவர் பெருசா?"

"நான் அவரை விட்டுட்டுப் போய்க் காலை எடுத்துக்கிட்டு வந்தேன்னு வை. இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா இருபது வந்திருக்கும், ஆறியிருக்கும்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதை யாரு உக்காந்து கேக்கறது? ரெண்டு காலும் இருந்தா எழுந்தாவது போகலாம்."

நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பேட்டரிக்காரர் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் ஊன்றி, அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து கடைக்கு வந்தாள். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது ஒன்றுமில்லாத தூரம். ஜாடிக்குள் எதையோ போட்டுவிட்டு, உள்ளறைக்குத் திரும்பி வந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, வேர்த்துப் போய் உட்கார்ந்தாள். மீட்டர் ஏறினால் போதும் என்பதுதான் அவள் கணக்கு. எவ்வளவு ஏறும் என்று அவள் யோசிக்கவில்லை. அவளுடையது சமைத்துப் பழகிய கை. ஒரு சிட்டிகைக்குக் குறைவாக உப்பு எடுக்க அதற்குத் தெரியாது.

பேட்டரிக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஜாடியைப் பார்த்ததும் துண்டு கையில் அப்படியே நின்றது. ராத்திரி பழுப்பாகத் தெளிந்திருந்த தண்ணீர் இப்போது பாலைக் கழுவி ஊற்றின மாதிரி வெளுத்திருந்தது. அடியில் வெள்ளையாகத் திரி திரியாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறியை நிறுத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு மீட்டரை இறக்கினார்.

எண் பன்னிரண்டில் நிற்கவில்லை. இருபதிலும் நிற்கவில்லை. நூறைத் தாண்டி, ஐந்நூறைத் தாண்டி, ஆயிரத்தையும் தாண்டி எங்கோ போய் நின்றது. மீட்டரை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். அதே எண். ஜாடியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுட்டு விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

அடக்கிய மூச்சை அதற்குப் பிறகும் அவர் நெடுநேரம் விடவில்லை.

ஒரு பேட்டரியில் யார் எதைக் கலந்திருக்கிறார்கள் என்பதை மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுகிற மனிதர். இந்த ஜாடிக்குக் கிட்டே வரக்கூடியவர்கள் அந்த வீட்டில் எத்தனை பேர்? நடந்து வந்தவள் எப்படி நடந்து வந்திருப்பாள்? தரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து உள்ளறைக்குமாக, கட்டுத் துணி கசிந்த ஈரம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. தன் காலை வெட்டக் கொடுப்பதற்காக அவள் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள்.

"என்னங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது, "எவ்வளவு காட்டுது?"

வாயைத் திறந்ததற்கு இன்றைக்குத் திட்டு விழவில்லை. மீட்டரின் ஜன்னலை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இருபது" என்றார்.

"நெசமாவா?"

"மீட்டர் பொய் சொல்லுமா?"

 அவள் ஒப்பந்தத்தை மறக்காதவளாக, "அப்ப அதை ஊத்தி ஒரு தடவை கழுவிப் பாத்துடுங்க. ஆறலைன்னாதானே போகணும்னீங்க?" என்றாள்.

"வேணாம். கெளம்பு, இப்பவே போலாம்."

"ஏங்க? ஒரே ஒரு தடவை..."

"வேணாம்மா," என்றார். "எரியும்."

வெள்ளித் தண்ணீர் எரியாது. இத்தனை நாள் கழுவியதில் ஒரு நாளும் அவள் எரிகிறது என்று சொன்னதில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு மறைவில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள். இரண்டு பேரும் அந்த வார்த்தையை அதற்கு மேல் தொடவில்லை. அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

அதே டாக்டர்தான் இருந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்பவே வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா" என்றார். திட்டினார் என்று சொல்ல முடியாது. திட்டியிருந்தால் பேட்டரிக்காரருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு டாக்டரின் பார்வை அவர் மேல் விழுந்தது. முகம், காது, நகம் என்று இறங்கியது.

"நீங்க என்ன குடிச்சீங்க?"

"மீட்டர் பாத்துத்தான் குடிச்சாரு டாக்டர்" என்றாள் மனைவி, அவரை முந்திக்கொண்டு.

"இந்தக் கலர் இனி போகாது. தெரியுமா?"

"எனக்கு என்ன டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவர். "இவளைப் பாருங்க."

மச்சினன் ஷேட் கார்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கே எடுப்பது என்று குறித்துவிட வேண்டுமாம், உள்ளே கொண்டுபோன பிறகு கால் மாறிவிடக் கூடாதல்லவா. டாக்டர் ஊதா மைப் பேனாவை எடுத்தார். விரலில் குறிக்கவில்லை. பாதத்தில் குறிக்கவில்லை. கணுக்காலையும் தாண்டி, முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் திரண்டு நிற்கிற இடத்தில், ஒரு கோடு இழுத்தார். கோட்டின் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். போட்டுவிட்டு, "தயாரா இருங்க, கூப்பிடுவாங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மனைவி படுத்திருந்தாள். மச்சினன் ஏதோ கையெழுத்துக்காக வெளியே போயிருந்தான். பேட்டரிக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஏதோ ஒன்று தன் காலில் படுவதை உணர்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த உயரத்தில் அவளுக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது. "விடுங்க," என்றாள் மெல்ல, "கூசுது."

அவருக்குக் கேட்கவில்லை. சாம்பல் நிறக் கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அவர் அந்த ஊதாக் குறியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மை அழியவில்லை. விரலை மறுபடியும் நாக்குக்குக் கொண்டுபோனார்.